மேல் ஸ்தாயி போனா தொண்டை இறுகுது: "அடிவயித்துலேருந்து பாடு"ன்னா என்னதான் பண்ணணும்?

#1 | பொங்கோல்_பைரவி | ஞாயிறு, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு.

வயசு 36. சின்ன வயசுல ஏழு வருஷம் கர்நாடக சங்கீதம், வர்ணம் வரைக்கும். அப்புறம் ஓ நிலைத் தேர்வு, ஜூனியர் காலேஜ், வேலை, பிள்ளைங்கன்னு பதினெட்டு வருஷம் வாயே திறக்கலை. போன வருஷம் மறுபடி வகுப்புல சேர்ந்தேன். கீழயும் நடுவுலயும் குரல் நல்லாவே வருது. தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி, காந்தாரம் ('க') தாண்டினதும் யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி இறுகிடுது. பஞ்சமத்துக்கு ('ப') போனா பாட்டு இல்லை, கூப்பாடு. இருபது நிமிஷத்துல குரல் கம்மிடும், அடுத்த நாள் ஆபீஸ் மீட்டிங்ல கரகரன்னு பேசறேன்.

வகுப்புல கேட்டா ஒரே பதில்: "தொண்டையில பாடாத, அடிவயித்துலேருந்து பாடு." நானும் வயித்தை இறுக்கி, தள்ளி, எக்கி எல்லாம் பார்த்துட்டேன். இன்னும் மோசமாதான் ஆகுது. நிஜமாவே வயித்தை என்ன பண்ணணும்? உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா?

#2 | தே_ஓ_கோசோங் | ஞாயிறு, இரவு 11:47

பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம். வெந்நீர்ல போட்டு காலையில ஒரு கிளாஸ். தேக்கா சந்தையில எல்லாம் கிடைக்கும். எங்க பாட்டி வைத்தியம், தப்பாது.

#3 | பேஸ்_வரிசை | திங்கள், காலை 7:05

அண்ணே, பாட்டியை மதிக்கிறேன். ஆனா குடிக்கிறது எதுவும் குரல் நாண்ல படறதில்லை. அது உணவுக்குழாய்ல போகுது, நாண் இருக்கிறது மூச்சுக்குழாய் வாசல்ல. ஒரு சொட்டு அங்க பட்டாலே புரையேறி இருமித் தீர்த்துடுவோம். தண்ணி குடிச்சா உடம்பு முழுக்க ஈரம் ஏறி, அப்புறமா நாணுக்கும் போய்ச் சேரும். நேரா போய்ப் படறது ஆவி மட்டும்தான். சூடா குடிச்சா இதமா இருக்கும், அதை மறுக்கலை.

பைரவி அக்கா, உங்க கேள்விக்கு வர்றேன். நான் கர்நாடகம் பாடறவன் இல்லை, பன்னிரண்டு வருஷமா கோரஸ்ல கடைசி வரிசை. எங்களுக்கு முதல் நாள் உடைச்சுச் சொன்ன விஷயம்: உதரவிதானம், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிறது, மூச்சை உள்ளே இழுக்கிற தசை. அது சுருங்கினா கீழ இறங்கும், வயித்துல இருக்கிறதெல்லாம் முன்னாடி நகரும், அதனாலதான் வயிறு உப்புது. மூச்சு வெளிய போறப்ப அது தளர்ந்து மேல ஏறும். "உதரவிதானத்தால தள்ளு"ன்னு யாராவது சொன்னா, கிளட்சை மிதிச்சு வண்டியை நிறுத்துன்னு சொல்ற மாதிரி.

இப்ப ஒரு பலூனை வாய் நிறைய ஊதிப் பிடிச்சுக்குங்க. விட்டா என்ன ஆகும்? நீங்க அமுக்கவே வேணாம், காத்து தானா பீய்ச்சிட்டுப் போகும். நெஞ்சுக்கூடும் அப்படித்தான். முழு மூச்சு எடுத்த முதல் சில விநாடியில பாட்டுக்குத் தேவையானதைவிட அதிக அழுத்தம் தானாவே இருக்கு. அந்த நேரத்துல வயித்தால வேற தள்ளினா, குரல் நாணுக்கு வேற வழி இல்லை, கதவை இறுக்கிச் சாத்திக்கும். அந்தச் சாத்தலைத்தான் நீங்க இறுக்கம்னு சொல்றீங்க.

அதனால மூச்சோட தொடக்கத்துல பிடிச்சு நிறுத்தணும்: விலா விரிஞ்சபடியே இருக்கணும், சட்டுனு சரியக் கூடாது. மூச்சு குறையக் குறைய வயித்துத் தசை மெதுவா உள்ள வந்து உதவும். உள்ளயா வெளியயான்னு கேட்டீங்க. ஒரே மூச்சுக்குள்ள ரெண்டும் நடக்குது, நேரம்தான் வேற. இத்தாலிக்காரங்க இதுக்கு அப்போஜ்ஜியோன்னு பேர் வெச்சிருக்காங்க, சாய்ஞ்சு நிக்கிறதுன்னு அர்த்தம். தள்ளறதுன்னு இல்லை பாருங்க.

#4 | தே_ஓ_கோசோங் | திங்கள், காலை 8:30

கிளட்ச் உவமை எனக்கே புரிஞ்சிடுச்சு. பாட்டியை வாபஸ் வாங்கிக்கிறேன், பனங்கற்கண்டை இல்லை.

என் பங்குக்கு ஒண்ணு. தேசிய சேவையில அணிவகுப்புக்குக் கட்டளை போடற ஆளா என்னைப் போட்டாங்க. "செடியா", "சினாங் டிரி", எல்லாம் மலாய்ல, திடல் இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்கணும். எங்க பேட்ச்ல மூணு பேர். முதல் வாரத்திலேயே ரெண்டு பேருக்குத் தொண்டை காலி. எனக்கு ஒண்ணும் ஆகலை. காரணம் ரொம்ப நாள் தெரியலை. இப்ப யோசிச்சா, அவங்க ரெண்டு பேரும் கட்டளைக்கு முன்னாடி தோள் காது வரைக்கும் ஏற மூச்சை உறிஞ்சுவாங்க. நான் சோம்பேறி, கொஞ்சமா எடுத்து சட்டுனு போட்டுடுவேன்.

#5 | சாதகம்_58 | திங்கள், மதியம் 2:15

சோம்பேறித்தனம் சங்கீதத்துக்கு உதவிய முதல் சம்பவமாக இருக்கும்.

நான் முப்பத்தோரு வருடம் வாய்ப்பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள், இப்போது ஓய்வு. "அடிவயிற்றிலிருந்து பாடு" என்று நானும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அது உடற்கூறு பாடம் அல்ல. குழந்தை கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாடும்போது அதன் கவனத்தைக் கழுத்திலிருந்து கீழே இறக்குவதற்கான தந்திரம். ஏழு வயதுக்கு அது போதும். முப்பத்தாறு வயதில் அதையே கட்டளையாக எடுத்துக்கொண்டால் வயிற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பழைய துருத்தி ஸ்ருதிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். வேகமாக அழுத்தினால் நாதம் பெரிதாகாது, உள்ளிருக்கும் உலோக நாக்கு அலறும். சீராக, விரல் நுனியால் அழுத்தினால் ரீங்காரம் அறை முழுக்க நிற்கும். பேஸ்_வரிசை சொன்னதை அந்தப் பெட்டி எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டது.

பைரவி, இரண்டு கேள்வி. உங்கள் ஸ்ருதி, அதாவது 'ஸ'வை வைத்துக்கொள்ளும் உயரம், எத்தனை கட்டை? அதை யார் தீர்மானித்தார்கள்?

#6 | பொங்கோல்_பைரவி | திங்கள், இரவு 10:50

அஞ்சரைக் கட்டை டீச்சர். யாரும் தீர்மானிக்கலை. வகுப்புல நாங்க எட்டுப் பேர், ஒரே மின் ஸ்ருதிப் பெட்டி, எல்லாருக்கும் அஞ்சரை. சின்ன வயசுலயும் அஞ்சரைலதான் பாடினேன், அதனால சரியா இருக்கும்னு நினைச்சேன்.

#7 | சாதகம்_58 | செவ்வாய், காலை 6:40

எட்டுத் தொண்டைக்கும் ஒரே செருப்பு.

பத்து வயதில் பாடிய ஸ்ருதி முப்பத்தாறில், இரண்டு பிரசவத்துக்குப் பிறகு, பதினெட்டு வருட இடைவெளிக்குப் பிறகு அப்படியே பொருந்தும் என்று யார் சொன்னது? ஐந்துக்கு இறக்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கச்சேரி மேடையில் வயதுக்கேற்ப அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொண்டவர்கள் நிறைய. இறக்கிய பிறகு நாற்பது நாள் வர்ணத்தைத் தொடாதீர்கள். விடியலில் மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், 'ஆ' என்று அகாரம், ஒவ்வொரு ஸ்வரத்திலும் நீண்ட கார்வை. பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை, மெதுவான முதல் காலம் மட்டும். கீழே அஸ்திவாரம் பரவாமல் மேலே மாடி நிற்காது.

#8 | பேஸ்_வரிசை | செவ்வாய், காலை 9:12

டீச்சர் சொன்னதுக்குக் கணக்கு போட்டுப் பார்த்தேன். அஞ்சரைக் கட்டைன்னா ஜி ஷார்ப். தார ஸ்தாயி பஞ்சமம் அங்க சுமார் 622 ஹெர்ட்ஸ். குரல் நாண் ஒரு விநாடிக்கு 622 தடவை தட்டி விலகுது. அஞ்சுக்கு இறக்கினா 587. வித்தியாசம் சின்னதாத்தான் தெரியும், ஆனா எல்லையில நிக்கிற குரலுக்கு அந்த 35 போதும்.

இதுல இன்னொண்ணு இருக்கு, சொன்னா டீச்சர் அடிக்க வருவாங்க. அந்த உயரத்துக்கு நெஞ்சுக்குரலையே, பேசறப்ப வர்ற கனமான குரலையே, இழுத்துட்டுப் போறதுதான் நிஜமான பிரச்சினைன்னு எனக்குத் தோணுது. எங்க கோரஸ்ல பெண்கள் அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே தலைக்குரலுக்கு மாறிடுவாங்க. நாண் மெலிஞ்சு நீண்டு அதிரும், எடை குறையும், கழுத்து சும்மா இருக்கும்.

#9 | சாதகம்_58 | செவ்வாய், காலை 9:40

அடிக்க வரவில்லை. ஆனால் அதற்கு எங்கள் ஊரில் பெயர் கள்ளக்குரல். காந்தாரம் வரை ஒருத்தி, மத்யமத்திலிருந்து வேறொருத்தி பாடுவதுபோல் கேட்கும். ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் கமகத்தின்போது அந்த ஒட்டுப்போட்ட இடம் பல்லிளிக்கும். உங்கள் பாட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனிப் படிக்கட்டு, எங்கள் பாட்டில் அது ஊஞ்சல்.

#10 | பேஸ்_வரிசை | செவ்வாய், காலை 10:03

சட்டுனு மாறச் சொல்லலை டீச்சர். மேல போகப் போக எடையைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கச் சொல்றேன். ஒட்டுத் தெரியாம பண்றதுக்குத்தானே வருஷக்கணக்கா பயிற்சி. நல்ல பிருகா, அந்த வேகமான உருட்டல், பாடறவங்க குரலைக் கவனிங்க, வேகத்துல எல்லாரும் எடையைக் குறைச்சுத்தான் பாடறாங்க. பேர் மட்டும் சொல்றதில்லை.

#11 | சாதகம்_58 | செவ்வாய், காலை 11:30

பிருகா விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் இல்லை.

#12 | மிடறு | செவ்வாய், மாலை 6:20

உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவன். பாட வராது, ஆனால் தொண்டை போவது எப்படி என்று நன்றாகத் தெரியும். நாற்பது பிள்ளைகள், மேலே மின்விசிறி, பக்கத்து வகுப்பில் காணொளி.

இந்த 'அடிவயிறு' பேச்சு நம்மிடம் மிகப் பழையது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். தொல்காப்பியப் பிறப்பியல் "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்றுதான் ஆரம்பிக்கிறது. உந்தி என்றால் கொப்பூழ். அங்கே கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என மூன்று இடத்தில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எல்லாம் சேர்ந்து எழுத்தாகிறது. மிடறுதான் தொண்டை, என் புனைபெயர். மூன்றில் ஒன்றாக மட்டும் வருகிறது பாருங்கள். நாம் பாடும்போதும் கத்தும்போதும் முழு வேலையையும் அதன் தலையில் கட்டிவிடுகிறோம்.

காற்று உண்மையில் கிளம்புவது நுரையீரலில் என்று பேஸ்_வரிசை வருவார். தெரியும். உடல் உணர்வதை எழுதியிருக்கிறார்கள்.

#13 | பேஸ்_வரிசை | செவ்வாய், மாலை 6:31

வரலை சார். இது எனக்குப் புதுசு, எங்க பயிற்சியாளருக்கு அனுப்பப் போறேன்.

#14 | ஈசூன்_அப்பா | செவ்வாய், இரவு 8:00

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். பையனுக்கு 13. குரல் உடைஞ்சு, பாடினா சேவல் மாதிரி. வகுப்பை நிறுத்தணுமா?

#15 | நடுக்குரல் | செவ்வாய், இரவு 9:25

ஈசூன்_அப்பா, நிறுத்த வேண்டாம். குரல்வளை வளர்கிறது, குரல் சுமார் ஒரு ஸ்தாயி இறங்கிக்கொண்டிருக்கிறது. வசதியாக வரும் நாலைந்து ஸ்வரத்துக்குள் மெதுவாகப் பாடட்டும், பழைய ஸ்ருதியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கேலி செய்யாமல் இருந்தால் அவனே வந்துவிடுவான்.

பைரவி, நான் பேச்சு, குரல் சிகிச்சைத் துறையில் வேலை பார்க்கிறேன். இணையத்தில் பார்த்து நோய் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே செய்து பார்க்கக்கூடியவை உண்டு.

கழுத்தின் முன்னால் மேடாக இருக்கும் குரல்வளையில் விரலை மென்மையாக வையுங்கள். எச்சில் விழுங்குங்கள், மேலே ஏறும். கொட்டாவி விடுங்கள், இறங்கும். இப்போது சா-விலிருந்து தார ஸ்தாயிக்குப் போங்கள். கொஞ்சம் ஏறுவது இயல்பு. விழுங்கும்போது ஏறிய அளவுக்கு ஏறினால், விழுங்கும் தசைகளை வைத்துப் பாடுகிறீர்கள் என்று பொருள். அவற்றின் வேலை மூச்சுக்குழாயை மூடுவது. மூடச் சொல்லிக்கொண்டே பாடவும் சொன்னால் அது என்ன செய்யும்?

அடுத்து, கட்டை விரலைத் தாடைக்கு அடியில், எலும்புக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற இடத்தில் வையுங்கள். பாடும்போது அது கல்லாகிறதா? அது நாவடி. நாக்கின் வேர் நாவடி எலும்போடும், அந்த எலும்பு குரல்வளையோடும் இணைந்திருக்கின்றன. நாக்கு பின்னால் இழுத்தால் குரல்வளைக்கும் இழுபடும்.

மூன்றாவது, கடிகாரம். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே மூச்சில் எத்தனை விநாடி வருகிறது? அடுத்து தேனீ மாதிரி, ஆங்கில 'இசட்' ஒலி எத்தனை விநாடி? இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பது நல்லது. இசட் மிகவும் குறைந்தால் நாண்கள் சரியாக மூடவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

வயிற்றை விட்டுவிட்டு இந்த மூன்றின் பதிலைச் சொல்லுங்கள். எங்கே, எந்த நேரத்தில் பாடிப் பழகிச் சாதகம் செய்கிறீர்கள் என்பதையும்.

#16 | பொங்கோல்_பைரவி | புதன், இரவு 11:05

குரல்வளை: லிஃப்ட் மாதிரி நேரா மேல போகுது. விழுங்கறப்ப போன அதே மாடி.
நாவடி: கல். அதுவும் 'ஈ' வர்ற இடத்துல பாறாங்கல். 'ஆ'ல பரவாயில்லை.
ஸ் 22 விநாடி, இசட் 20.

சாதகம் வீட்டு ஸ்டோர் ரூம்ல. பிள்ளைங்க தூங்கினப்புறம், பத்து மணிக்கு மேல. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை, மேல் மாடியில ஒரு சீன ஆன்ட்டி, போன வருஷம் ஒரு தடவை வந்து கதவைத் தட்டினாங்க. அதிலேருந்து குரலை அடக்கித்தான் பாடறேன். வகுப்புலதான் முழுக் குரல்.

#17 | நடுக்குரல் | புதன், இரவு 11:30

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

20-க்கு 22, நல்ல செய்தி. மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாள், களைத்த நேரத்தில், தொண்டையை வைத்து ஒலியை அமுக்கி அமுக்கிப் பழகுகிறீர்கள். மெதுவாகப் பாடுவது வேறு, அடக்கிப் பாடுவது வேறு. மெதுவாகப் பாடும்போது மூச்சு குறைவாகப் போகும், நாண்கள் லேசாகத் தொடும். அடக்கிப் பாடும்போது மூச்சு முழுசாக வந்து நிற்கும், நீங்கள் கதவை மூடிப் பிடித்திருப்பீர்கள். ஏழாம் நாள் வகுப்பில் "முழுக் குரலில் பாடு, வயிற்றிலிருந்து" என்றதும் அந்த மூடிய கதவின் மேல் இன்னும் அழுத்தம். இங்கே அடுக்குமாடி வீட்டில் பாடுகிற எத்தனை பேருக்கு இந்தக் கதை என்று எண்ணினால் விரல் போதாது.

சத்தம் வராத பயிற்சி ஒன்று தருகிறேன். ஒரு கிளாஸில் பாதி தண்ணீர், ஒரு உறிஞ்சுகுழல், நுனி இரண்டு சென்டிமீட்டர் முங்கட்டும். குழல் வழியாக 'ஊ' என்று குரல் கொடுத்துக் குமிழி விடுங்கள். மூக்கு வழியே காற்று கசியக் கூடாது, கன்னம் தளர்ந்து இருக்கட்டும். குமிழி சீராக வந்தால் மூச்சு சீர். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிப் போங்கள், பிறகு சரளி வரிசையையே குழலில் பாடுங்கள். வாய்ப்பக்கம் வழி குறுகும்போது உள்ளே ஒரு எதிர் அழுத்தம் பிறந்து நாண்கள் மோதாமல் இலகுவாக அதிர உதவும். இங்கோ டிட்ஸ் என்ற அமெரிக்கக் குரல் அறிவியலாளர் உறிஞ்சுகுழல் பயிற்சியை உலகமெல்லாம் பரப்பியவர். ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை.

'ஈ' உச்சத்தில் வந்தால் வாயை இழுத்துச் சிரிக்காதீர்கள். உதட்டில் 'ஈ', உள்ளே 'எ' என்று கொஞ்சம் இடம் விடுங்கள். கேட்பவருக்கு 'ஈ' என்றே கேட்கும்.

கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் சொல்லி, காது மூக்குத் தொண்டை மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நாணில் முடிச்சு இருந்தாலும் பயப்படாதீர்கள், பெரும்பாலும் முதலில் குரல் பயிற்சிதான், கத்தி அல்ல. ஆனால் பார்க்காமல் இருக்கக் கூடாது.

#18 | தே_ஓ_கோசோங் | வியாழன், காலை 8:10

குழல்னா பபிள் டீ குழலா?

#19 | நடுக்குரல் | வியாழன், காலை 8:22

அது வாய்க்கால். பொட்டலப் பானத்தோடு ஒட்டியிருக்கும் சின்னது இருக்கிறதே, அந்த மாதிரி மெல்லிசாக எடுங்கள். முதலில் கஷ்டமாக இருந்தால் கொஞ்சம் பெரிசு.

#20 | மிடறு | வியாழன், மதியம் 1:40

ஆசிரியர் அறையில் செய்து பார்த்தேன். சக ஆசிரியர்கள் நான் மைலோ குடிக்கத் தெரியாதவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் ஆறாம் பாடவேளையில் குரல் இருந்தது.

#21 | பேஸ்_வரிசை | வியாழன், இரவு 7:15

முழுக் குரல்ல பாட இடம் வேணும்னா, நான் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தோட மேல் தளத்துல காருக்குள்ள உட்கார்ந்து பாடறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: குளிர்சாதனத்தை மூஞ்சிக்கு நேரா திருப்பாதீங்க, வறண்டு போகும். உட்கார்ந்தா வயிறு மடங்கும், இருக்கையை நிமிர்த்துங்க. கார் இல்லைன்னா சமூக மன்றத்துல அறை கேட்டுப் பாருங்க.

#22 | பொங்கோல்_பைரவி | 5 வாரம் கழித்து, சனி, காலை 10:30

காணாம போயிட்டேன்னு நினைச்சிருப்பீங்க. மருத்துவருக்காகக் காத்திருந்தேன்.

மூக்கு வழியா மெல்லிசா கேமரா விட்டுப் பார்த்தாங்க. திரையில என் குரல் நாண் ரெண்டும், வெள்ளையா, சின்னதா. நான் "ஈ"ன்னதும் ஓடி வந்து ஒட்டிக்கிச்சு. இத்தனை வருஷம் இதையா இந்தப் பாடு படுத்தினோம்னு கண்ல தண்ணி வந்துடுச்சு (கேமராவாலயும் இருக்கலாம்). முடிச்சு இல்லை. ஆனா பின் பக்கம் சிவந்திருக்கு, வயித்து அமிலம் மேல வருதுன்னாங்க. ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டு உடனே படுக்கிறேன். ஞாயிறுன்னா பரோட்டா. எல்லாரும் வயித்தைப் பத்தியே பேசினோம், வயிறு வேற வழியில வந்து நின்னுடுச்சு!

குழல் தினமும் பண்றேன், ஸ்டோர் ரூம்லயே. பாட்டு மட்டும் காலையில, ஆபீஸ் போற முன்னாடி கார்ல, இருபது நிமிஷம். மூச்சை முழுசா எடுக்கிறதை விட்டுட்டேன், முக்கால்தான். விலாவைத் திறந்தே வெச்சிருக்கிறது இன்னும் பிடிபடலை, ரெண்டு வரிக்கு நிக்குது, மூணாவதுல சரிஞ்சிடுது. குரல்வளை லிஃப்ட் இப்ப பாதி மாடியோட நிக்குது. 'ஈ' பாறாங்கல், வெறும் கல் ஆயிருக்கு. போன வாரம் தார பஞ்சமம் ஒரு தடவை வந்துச்சு, எப்படின்னு தெரியலை, வலிக்கலை. மறுபடி முயற்சி பண்ணினேன், வரலை.

வகுப்புல அஞ்சு கட்டை கேட்டேன். "ஒருத்திக்காக மாத்த முடியாது"ன்னாங்க. அதனால வகுப்புல மேல் ஸ்தாயி வர்றப்ப வாயை மட்டும் அசைக்கிறேன்.

#23 | பேஸ்_வரிசை | சனி, காலை 10:58

உங்க கேமரா கதை கேட்டதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. குரல் நாணை உயிரோட, பாடறப்ப கண்ணாடியில முதல்ல விவரமா பார்த்துப் பதிவு பண்ணினவர் டாக்டர் இல்லை. மானுவேல் கார்சியான்னு ஒரு பாட்டு வாத்தியார், 1854-ல, பல் வைத்தியக் கண்ணாடியையும் வெயிலையும் வெச்சு, தன் தொண்டையையே பார்த்தார்.

சரி, அந்தப் பஞ்சமம் நெஞ்சுக்குரலா, தலைக்குரலா?

#24 | பொங்கோல்_பைரவி | சனி, காலை 11:04

நிஜமா சொல்லவா? ரெண்டும் இல்லாத ஏதோ ஒண்ணு.

#25 | சாதகம்_58 | சனி, மதியம் 12:20

அந்த 'ஏதோ ஒன்று'க்குப் பெயர் வைக்க வேண்டாம், பேஸ்_வரிசை. பெயர் வைத்தால் அதைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

வாயை மட்டும் அசைப்பது நல்ல யோசனை. நானும் ஜலதோஷத்தோடு சேர்ந்திசையில் செய்திருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. மேல் ஸ்தாயியைத் துரத்தாதே, நாற்பது நாள் இன்னும் முடியவில்லை, நடுவில் பரோட்டா வேறு. குரல் முழுசாகத் தெளிந்தபின் ஒரு நாள் அரைக் கட்டையைத் திருப்பி ஏற்றிப் பார்க்கலாம்.

#26 | பொங்கோல்_பைரவி | சனி, மதியம் 12:31

அந்த அரைக் கட்டையைத் திருப்பித் தர்ற உத்தேசமே இல்லை டீச்சர்.